வாரம் முப்பது, கூண்டு பதினொன்று

காலை ஏழு இருபதுக்கு
க.க.சாவடியில் பஸ் ஏறி
வாளையார் தாண்டுவதற்குள்
பெயர்ப்பலகைகள் எழுத்தை மாற்றிக்கொள்கின்றன.
சாலை மாறுவதில்லை.
லாரிகளும் அதே லாரிகள்,
அதே கரும்புகை.

கஞ்சிக்கோட்டில் என் வேலை
எலிகளின் நுரையீரலை எடுத்துத் தருவது.
டீக்கடை மருதாசலம் கேட்கிறார்,
"ஏனுங்க, எலிக்குப் பீடி குடுப்பீங்களா?"
இல்லை. மூக்கில் ஒரு துளி.
அது உள்ளிழுத்துக்கொள்ளும்.
உள்ளே ஓர் எழுத்து பிழையாகும்.
அவ்வளவுதான் நாங்கள் செய்வது.
மீதியை எலியே செய்துகொள்ளும்.

எட்டாம் வாரம் கசகசா.
பதினாறில் கடுகு.
முப்பதில் மிளகு, சிலதில் அதற்கும் மேல்.

எழுத்துகளை மறுபடி வாசித்தால்
பெரிதாக எதுவும் மாறியிருக்காது.
மாறியவை புள்ளிகள்.
வைக்கக் கூடாத இடத்தில் ஒன்று,
இருந்த இடத்தில் இல்லாமல் நூறு.

நமக்குத் தெரிந்ததுதானே.
தலையில் புள்ளி விழுந்தால்
எழுத்து தன் உயிரை விழுங்கிக்கொள்ளும்.
'பல' என்றிருந்தது ஒற்றைப் 'பல்' ஆகும்.
புள்ளி உதிர்ந்த 'கல்'
'கல' என்று ஏவத் தொடங்கும்.
பக்கத்து மேஜை ஷைஜியிடம் இதைச் சொன்னேன்.
"ஞங்ஙளுக்குப் புள்ளி இல்ல, பிறை" என்று
கையுறையோடு காற்றில் வரைந்தாள்.

முப்பதாம் வாரத்தில்
நுரையீரல் உயிரணு ஒன்று
தான் எந்த ஊர் என்பதை மறக்கிறது.
காற்று மட்டும் வந்துபோகும் இடத்தில் உட்கார்ந்து
இரைப்பையின் கோழையைச் சுரக்கிறது.
கருவில் பூட்டிய அறைகள் திறந்து கிடக்கின்றன.
திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
உடைப்பு இல்லை.
சாவி போட்டுத் திறந்த மாதிரிதான் இருக்கிறது.

புள்ளியை அழிக்க மருந்து உண்டு.
ஒன்பதாம் கூண்டுக்குக் கொடுத்தோம்.
சிலவற்றில் கட்டி சுருங்கியது.
ஒன்றில்,
ஊமையாய் இருக்க வேண்டியதும் பேசிவிட்டது.
டாக்டர் பிரசீதா அதை மட்டும்
சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

இன்று பதினொன்று.
காதுவில்லை நாலு நாலு ஏழு.
பதினெட்டு கிராம்.
ஒவ்வொரு மூச்சுக்கும்
விலா தனித்தனியாய்த் தெரிகிறது.
அது பாடுபட்டு மூச்சு விடுவதை
எழுதக் கட்டம் எதுவும் படிவத்தில் இல்லை.

அடுத்தது,
துளியில் வெறும் உப்புநீர் வாங்கிய எலி.
நோயில்லை. கொழுகொழுவென்று
என் கட்டைவிரலை மோந்து பார்க்கிறது.
ஒப்பிட அதுவும் வேண்டும்,
அதே நாளில், அதே மணியில்.

இரண்டு நுரையீரலையும் தண்ணீரில் இட்டேன்.
நாலு நாலு ஏழு பாதி அமிழ்ந்து நின்றது.
மற்றது இளஞ்சிவப்பாய் மிதந்தது,
கடைசியாக இழுத்த காற்றை
இன்னும் வைத்துக்கொண்டு.

சாயங்காலம் சாவடியில் இறங்கியதும்
மருதாசலம் ஆற்றிய டீயை நீட்டினார்.
"இன்னைக்கு எத்தனைங்க?"
"ரெண்டு."
"ரெண்டும் சீக்கா?"

பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.