இடது கை

கியூம்ரி. பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே நாற்பது மேசை.
ஈர பூட்ஸ்கள் சுவரோரம் வரிசையாய்;
ஜன்னலில் பனி, உள்ளே வியர்வை.
ஆளுக்கு மூன்றே நிமிடம். ஒரு நொடியும் கூடுதலாய் வராது.

எதிரே ஷுஷான். பதினொன்று, என் வயதுதான்.
நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு
குதிரையை நகர்த்துவாள், கடிகாரத்தை அறைவாள்.
பத்தொன்பதாம் நகர்வில் ராணிகளை மாற்றிக்கொண்டோம்.
அவள் என்னுடையதைத் தன் பக்கம் நிறுத்தினாள்.
நான் அவளுடையதை மேசையில் வைக்கவில்லை.
அது என் பழக்கம்:
வெட்டியதை இடது உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருப்பேன்,
வலது கை சண்டை போடும்.

பிறகு எல்லாம் டக், டக், டக்.
காய்கள் கட்டத்தில் நிற்கவில்லை, கோட்டின்மேல் சாய்ந்தன;
உருண்ட மந்திரியை நானே நிமிர்த்தினேன், என் நேரத்தில்.
அவளுடைய ஓரச் சிப்பாய் மட்டும்
யார் சொல்லையும் கேட்காமல் ஏறிக்கொண்டே போனது.

எட்டாம் வரிசை.
அவளுக்கு ஒன்பது நொடி.

அவள் கை என் பக்கம் வந்து துழாவியது.
சிப்பாய்கள், ஒரு குதிரை, தண்ணீர் பாட்டில் மூடி.
அவள் பக்கத்தில் கறுப்பு ராணி. வெள்ளை எங்கும் இல்லை.
ஏழு.
வெட்டுப்பட்ட கோட்டையை எடுத்துத்
தலைகீழாய் நட்டாள்.
ராணி என்றாள். அறைந்தாள்.

ராஜாவை ஒதுக்கினேன்.
கவிழ்ந்த கோட்டை குறுக்கே பாய்ந்தது.
கடிகாரத்தை நிறுத்தி வலது கையைத் தூக்கினேன்.

நடுவர் வர்துஹி கண்ணாடியை ஏற்றிவிட்டபடி வந்தார்.
கவிழ்ந்தாலும் கோட்டை கோட்டைதான், கண்ணே.
அது நேரேதான் போகும்.
எனக்கு ஒரு நிமிடம் கூட்டினார்.
அவளுக்கு மூன்று நொடி இருந்தது. பிறகு இல்லை.

கை குலுக்கினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.
அடுத்து ஆடுபவர்களுக்காகக் காய்களை அடுக்கினோம்.
வெள்ளை வரிசையில் ஒரு கட்டம் காலி.
அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள்,
நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது
என்று சொல்லத் தயாராக இருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.

இடது கையைத் திறந்தேன்.
உள்ளங்கை நடுவில், சிவப்பாய், கிரீடத்தின் பற்கள்.
ராணி சூடாக இருந்தது.
அவள் அதை எடுக்கவில்லை.
நானே வைத்தேன், வெள்ளைக் கட்டத்தில்.

சுவரில் ஒட்டிய தாளில் ரஸ்மிக் என்ற பெயருக்கு நேரே
ஒன்று என்று எழுதினார்கள்.
அடுத்த சுற்று நான்கு நிமிடத்தில்.
அதில் முதலில் வெட்டிய சிப்பாயை
மேசையின் ஓரத்தில் வைத்தேன், எல்லோருக்கும் தெரியும்படி.
அந்த ஆட்டத்தில் தோற்றேன்.
ஆட்டம் முழுக்க இடது கை
தொடையின்மேல் கிடந்தது,
யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.