மற்றவை, குறிப்பிடுக

கேள்வி பதினேழு:
விலை சரிந்த ஆண்டுகளில்
ரப்பர் மரங்களை வெட்டி விற்காமல் வைத்திருந்தது ஏன்?
அ. ஏற்கெனவே போட்ட பணம்.
ஆ. விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு.
இ. மாற்றுப் பயிர் தெரியாமை.
ஈ. மற்றவை, குறிப்பிடுக.

களியலில் எண்பத்திரண்டு வீடுகளில் கேட்டேன்.
'ஈ'க்கு நான் விட்டிருந்தது ஒரே ஒரு கோடு,
விரல் நீளம்.
அதில் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டு வந்தவை:
அந்த வருசம் மகளுக்குக் கல்யாணம்.
தம்பி பேரிலும் பட்டா, அவன் குவைத்தில்.
நாளைக்கு நாளைக்கென்று நாலு வருசம்.
நிழலுக்கு.
வெட்டினால் பின்வீட்டுக்காரன் முகம் தெரியும்.

நிழலை எந்த எண்ணால் குறிப்பது என்று
நாகர்கோவில் வந்து நெறியாளரிடம் கேட்டேன்.
தொண்ணூற்றொன்பது போடு, என்றார்.
விடுபட்ட தரவுக்கான எண் அது.

இரண்டாம் பகுதி, பணித்திறன்.
அதற்கு விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டும்.
பங்கேற்பாளர்: லில்லி புஷ்பம், நாற்பத்தொன்று.
நெற்றியில் விளக்கு,
இடுப்பில் புகையும் கொசுவத்தி,
முந்நூற்றுப் பத்து மரம், ஒன்றுவிட்ட ஒருநாள்.
பின்னாலேயே நான், ஸ்டாப்வாட்சோடு.

முதல்நாள் மரத்துக்குப் பதினெட்டு நொடி.
அடுத்த முறை பதினைந்து.
மூன்றாம் முறை பன்னிரண்டு.
மார்த்தாண்டம் வரை பஸ்ஸில்
அந்தக் கோட்டின் சரிவை
விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.
கற்றல் விளைவு என்று
அதிகாரத்துக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.

நான்காம் முறை தோட்டக்காரர் வில்பிரட் வந்தார்.
டார்ச்சை ஒரு மரத்தில் அடித்தார்.
பட்டை தாண்டித் தடியில் இறங்கியிருந்தது கத்தி.
அடுத்ததில். அதற்கடுத்ததில்.
காயம் பட்ட இடத்தில் இனிப் பட்டை
முண்டு முண்டாகத்தான் வளரும்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
எண்ணிக்கொண்டே போனார்.
நாற்பது.

"நீங்க பொறத்தால நிண்ணா
எனக்க கை எனக்க கையாட்டு இல்ல,"
லில்லி புஷ்பம் சொன்னார்.
"ஒரு மரத்துக்கு எவ்வளவு நேரம்னு
நான் பாத்ததே இல்ல.
கத்தி போற சத்தம் மாறினா நிறுத்துவேன்.
ஒங்க கடிகாரச் சத்தத்துல
அது கேக்கல்ல."

என் ஸ்டாப்வாட்சுக்குச் சத்தம் கிடையாது.
பொத்தானை அமுக்கிய என் கட்டைவிரல்தான்
டிக் என்றிருக்கிறது,
ஒரு விடியலுக்கு முந்நூற்றுப் பத்துத் தடவை.

அந்த மாதக் கூலியில் அறுநூறு பிடித்தார்கள்.
நான் கொடுத்தேன்.
எண்ணி வாங்கிக்கொண்டு,
ரசீது வேணுமா, என்றார்.
கேலி இல்லை. படிவத்துக்கு வேண்டியிருக்குமே என்று.

பன்னிரண்டு நொடியின் கீழே அடிக்குறிப்பு எழுதினேன்:
இந்த எண்ணுக்கு நாற்பது மரம் காயப்பட்டது.
நெறியாளர் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினார், பொருத்தமில்லை.
சிவப்பு மையில் இல்லை, பென்சிலில்.
அதனால் அழித்துவிடலாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய திட்ட அட்டவணை
அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.
மூன்று வருடம், பன்னிரண்டு காலாண்டு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.
மஞ்சளில் இலக்கிய மீளாய்வு, பச்சையில் களப்பணி.
இது ஆறாவது வருடம்.
உதவித்தொகை நின்று பதினான்கு மாதம்.
நான் பதிவு செய்த ஜூனில்
வில்பிரட் மேல்தட்டில் நட்ட கன்றுகள்
அடுத்த வருடம் கத்தி பார்க்கும்.
அவருடைய திட்டத்தில் ஏழு என்று இருந்தது,
ஏழில் முடிகிறது.
மரத்துக்கு நெறியாளர் இல்லை.

கால நீட்டிப்புப் படிவம் வந்திருக்கிறது.
தாமதத்துக்கான காரணம், என்று கேட்டு
ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
விரல் நீளம்தான்.

நேற்று மாலை தொடங்கிய மழை.
பட்டை நனைந்தால் பால்வெட்டு கிடையாது.
மணி மூன்றரை.
களியலில் லில்லி புஷ்பம்
இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்,
கை தன் கையாக.