இடது கீழ் இழுப்பறை

எழுதும்மா என்றார் சேசடிமை முதலாளி.
எழுதினேன்:
விற்பனைக்கு. பழைய மகோகனி எழுதுமேசை.
நீளம் நாலே முக்கால் அடி, அகலம் இரண்டரை.
நாலு பக்கமும் சித்திர வேலை.

பழைய வேண்டாம், புராதன என்று போடு,
அந்த ஒரு சொல்லுக்கு ஐயாயிரம் கூடும் என்றார்.
போட்டேன்.

சிங்கப் பாதம் மூன்றுதான் என்பதைப் போடவில்லை.
நாலாவதை உப்பு தின்றுவிட்டது,
அங்கே நிற்பது பனங்கட்டை.
சுற்றிலும் ஓடும் கொடி எந்த ஊர்க் கொடியோ,
இலை திராட்சை மாதிரி, காய் வேப்பங்காய் மாதிரி;
பதினோரு வருஷம் துடைத்தும் பேர் தெரியாது.
எந்தத் துரை எழுதினான், எந்தக் கப்பலில் வந்தது
எல்லாம் அவரவர் வாய்க்கு வந்தபடி.
எனக்குத் தெரிந்தது
பாம்பன் ஐஸ் கம்பெனி ஈரத்தில் அது நின்றதுதான்.
மேல்பலகையில் வெள்ளை வட்டங்கள்:
பாதி என் டீ கிளாஸ், பாதி அவர் சோடா.

காரைக்குடியிலிருந்து வயிரவன் வந்தார்.
டார்ச்சோடு மேசைக்கடியில் படுத்தார்,
விரல் முட்டியால் தட்டினார், நகத்தால் கீறினார்,
முகர்ந்து பார்த்து
மீன் வாடை என்று பத்தாயிரம் குறைத்தார்.
பாம்பனில் எதில்தான் இல்லை என்றார் முதலாளி.

ஐந்து இழுப்பறை திறந்தன.
இடது கீழ் திறக்கவில்லை.
சாவி எங்கப்பா காலத்திலேயே தொலைந்தது,
உளியை எடுத்து வாங்கடா என்றார்.
அவர் சொன்னது பொய்யில்லை, அப்படித்தான் நம்புகிறார்.

உடைத்தால் விலை போயிரும் என்றேன்.

வயிரவன் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.
பிள்ளை சொல்றது சரி.
பூட்டிய அறை என்றால் ஓட்டல்காரர்களுக்கு ஆசை,
உள்ளே முத்து இருக்கும், கடிதம் இருக்கும் என்று
அவர்களாகவே சொல்லிக்கொள்வார்கள்.
திறக்காததற்கு எட்டாயிரம் கூட்டினார்.

சாவி என் பர்ஸில் ரேஷன் கார்டோடு இருந்தது.
பனங்கட்டை மாற்றிய அன்று
அடியில் கிடந்து எடுத்தது,
எட்டு வருஷம் ஆயிற்று.

முதல் சீட்டு நம்புராஜனுடையது. நாற்பது பார்.
வெள்ளிக்கிழமை ஏற்றினான்,
சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் பக்கம் பிடித்தார்கள்.
அவன் யாழ்ப்பாணம் ஜெயிலில்,
படகு காங்கேசன்துறையில்,
ஐஸ் எந்தத் தண்ணீரில் கலந்ததோ.
கடன் கடன்தான் என்றார் முதலாளி.
பேரேட்டில் ஏற்றப் பேனாவைத் திறந்தேன்,
இழுப்பறையைத் திறந்தேன்.
அதற்கப்புறம் சீனி இபுராம்சா,
அதற்கப்புறம் இன்னாசியின் இரண்டு படகு.
குறைந்த பார்களுக்கெல்லாம்
உருகல் என்று ஒரு கழிவு எழுதினேன்.
சித்திரை வைகாசியில் கூட்டி எழுதினேன்.
ஐஸ் உருகியது என்றால் யார் கேட்பார்?

எல்லோருக்கும் செய்யவில்லை.
என் தம்பியை ஜெட்டியில் வைத்து அடித்தவன் படகும் பிடிபட்டது.
அவன் சீட்டை வட்டியோடு ஏற்றினேன்.

மேசையைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள்.
இடது பக்கம் பிடித்தவன் நம்புராஜன்.
படகு போனபின் கிடைத்த வேலைக்குப் போகிறான்.
என்ன இந்தக் கனம், உள்ளே என்னக்கா என்றான்.
காகிதம் என்றேன்.
காகிதம் இவ்வளவா கனக்கும் என்று
தோளை மாற்றிக்கொண்டான்.

வலைக்கயிற்றால் கட்டிய மேசையோடு
மினி லாரி பாலம் ஏறியது.
பேர் தெரியாத கொடி கடலுக்கு மேலே போனது.
நான் உள்ளே வந்து
அமோனியா மீட்டர் பார்த்து எழுதினேன்.

இப்போது ஸ்டீல் மேசை.
மூன்று இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி,
ஒன்று முதலாளியிடம்.
நேற்றுப் போன படகில் ஒன்று இன்னும் திரும்பவில்லை.
முப்பது பார்.
சீட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
மை வட்டமாக ஊறுகிறது.