பூசாத மாதிரியும்

புரோக்கன் ஹில்லில் தெருக்களுக்கு
வேதியியல் வகுப்பில் பெயர் வைத்திருக்கிறார்கள்.
நாங்கள் குடியிருப்பது ஆக்சைடு தெரு.
மருந்துக் கடைக்குக் குளோரைடில் திரும்ப வேண்டும்.
வாடகை வீட்டுக் கொல்லையில் போன மார்ச்சில்
மூன்று பாத்தி கட்டினேன்:
முளைக்கீரை, முள்ளங்கி,
அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகு.

மண்ணைப் பையில் கட்டி அனுப்பியதற்கு
ஆறு வாரம் கழித்து ஒற்றைத் தாள் வந்தது.
ஈயம், கிலோவுக்கு ஆயிரத்து நானூற்றுப் பத்து மில்லிகிராம்.
இருக்கலாம் என்ற அளவு, பக்கத்துக் கட்டத்தில்: முந்நூறு.
காட்மியத்துக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி.
அடிக்குறிப்பைத் தேடினேன், இல்லை.

கீரை முன்னமே சொல்லிவிட்டிருந்தது.
நரம்பு மட்டும் பச்சையாக நிற்க
இடையெல்லாம் வெளுத்து
இலை இலையாக எழுதிக் காட்டியிருந்தது.
தாகம் என்று நினைத்து
நான் இன்னொரு வாளி ஊற்றினேன்.
பிடுங்கினால், வேர்
கட்டையாய்ப் பழுப்பாய்
நகம் கடிக்கிற பிள்ளையின் விரல் மாதிரி.
முள்ளங்கி சுண்டுவிரல் பருமனோடு நின்றுவிட்டது.

வேருக்குக் கண் இல்லை.
தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறது.
துத்தநாகம் கேட்கும்;
அதே உடுப்பில் காட்மியம் வந்து நிற்கும்.
கதவு திறந்துவிடும்.
ஈயம் அப்படி இல்லை.
இளவழகனின் சுரங்க பூட்ஸைப் போலப்
பெரும்பாலும் வாசலிலேயே கிடக்கும்.
கிடந்தபடியே
உள்ளே வர வேண்டியவர்களின் வழியை அடைக்கும்.

நுழைந்துவிட்டதைத் துரத்த
செடிக்குக் கை இல்லை, ஓடிப்போகக் கால் இல்லை.
கந்தகம் சேர்த்துக் கயிறு திரிக்கிறது.
கட்டி, இழுத்துப்போய்,
உயிரணுவின் நீர்ப்பைக்குள் தள்ளிச் சாத்துகிறது.
ஒரு முடிச்சுக்கு
ஒரு துளி வளர்ச்சி கூலி.

கடுகு மட்டும் செழித்தது.
இடுப்பளவு. மஞ்சள் பூ. தேனீக்கள்.
பக்கத்து வீட்டு ஷெர்லி வேலிக்கு மேல் எட்டி
"என்ன உரம் போடுகிறாய்?" என்றாள்.
அவள் கோழிகள் இதே மண்ணில்தான்
புழுதி குளிக்கின்றன.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாதென்பார்கள்.
பெருத்தால் எது வந்து சேருமென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும்:
நழுவிப் பேசுகிற மனிதர்களுக்கு
எங்கள் பக்கத்தில் சொல்வது.
அதை இந்த இலையில்தான் முதன்முதலாகக்
கண்ணால் பார்க்கிறேன்.
வாடிய கீரை உண்மை பேசியது.
பளபளப்பதுதான் பயமாக இருக்கிறது.

பகலில் எனக்கு வேலை
குழந்தைகளின் விரல் நுனியில் ஒரு குத்து,
ஒரு சொட்டு ரத்தம்.
எல்லாம் சிவப்புத்தான்.
இயந்திரம் மூன்று நிமிடம் யோசித்து எண் சொல்லும்.
நேற்று ஹேமிஷ், நாலு வயது,
"எனக்கு எவ்வளவு?" என்றான்.
பதினொன்று என்றேன்.
ஜெயித்துவிட்ட முகத்தோடு அம்மாவைப் பார்த்து
"அடுத்த தடவை இருபது எடுப்பேன்" என்றான்.
அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப்
போட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை, புழுதி பறக்காதிருக்க
மண்ணை நனைத்து,
கையுறை மாட்டிக் கடுகைப் பிடுங்கினேன்.
உரக்குழிக்கு ஆகாது, ஆட்டுக்கு ஆகாது.
இரட்டைப் பை, இறுக்கி முடிச்சு.
கடுகு தின்று தீர்க்க இந்தக் கொல்லைக்கு
எத்தனை வருடமென்று கணக்குப் போட்டேன்;
பேரப்பிள்ளைகளைத் தாண்டிப் போனது.
வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்.

உள்ளே வந்தால்
மேசைமேல் ஷெர்லி வைத்துவிட்டுப் போன முட்டைகள்.
ஆறு. ஒன்றில் இறகு ஒட்டியிருக்கிறது.
இயந்திரத்துக்கு ரத்தம்தான் படிக்கத் தெரியும்.
நான்காக மடித்த தாள்
இன்னும் என் பையில்.
வேலிக்கு அந்தப் பக்கம் அவள்
கோழிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.