இலக்கமிடாத கொப்பி

வவுனியா பஸ்ஸில் வந்த பதினொரு பெட்டிக்கும்
முதுகுச் சீட்டு ஒட்டி முடிந்தது.
நாவலுக்கு ஓர் இலக்கம், கவிதைக்கு ஒன்று,
நாடகத்துக்கு ஒன்று.
கட்டுரைச் சீட்டின் பசை ஈரத்தில் நழுவி
சிறுகதைத் தட்டில் விழுந்து கிடந்தது.
நான் கண்டுகொள்ளவில்லை.

பன்னிரண்டாவது பெட்டி மல்லாவியிலேயே சேர்த்தது.
அதன் அடியில் ஒரு சீஆர் கொப்பி.
அட்டையில் டீசல் மணம்.
உள்ளே: க. குலவீரசிங்கம், உழவு மெஷின், பாலிநகர்.

இலக்கமில்லாமல் எதையும் தட்டில் வைக்கக்கூடாது.

முதற் பக்கங்கள் கணக்கு.
உழுத ஏக்கர், வந்த காசு, வராத காசு.
பள்ளு என்று வைக்கலாமா என்று பார்த்தேன்.
பள்ளில் மழை வந்தே தீரும்.
இதில் 'மழை இல்லை' என்று
நாலு கிழமை எழுதியிருந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் யானை.
'ராத்திரி வந்தது. வாழை முழுக்கப் போட்டுது.'
ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பரணி உண்டு.
யானைக்கு வாழையைக் கொடுத்தவனுக்கு
தொண்ணூற்றாறு சிற்றிலக்கியத்திலும் ஒன்றுமில்லை.

பிறகு வழி.
'ஆறு தாண்டினால் செம்மண் ரோட்டால போ.
பாலை மரத்தடியில இடக்கைப் பக்கம் இறங்காத.
கிணறு இருக்கு, கயிறு இல்லை.'
ஆற்றுப்படை! என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கியவர்
எழும்பி, திரும்பிப் படுத்தார்.
பரிசு பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்லும் வழி
ஆற்றுப்படை.
இவனுக்கு எங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை.
இருந்தும் சொல்கிறான்.

கடைசியில் பட்டியல்.

அக்கராயன்: நெல்லு பதினாலு மூட்டை. கதவு இரண்டு.
தையல் மெஷின். ஆடு மூன்று. ஓடு இருநூறு.
தருமபுரம்: நெல்லு ஆறு. கதவு இரண்டு.
தையல் மெஷின். ஆடு ஒன்று.
விசுவமடு: நெல்லு ஒன்று. கதவு ஒன்று.
தையல் மெஷின் வழியில் விட்டது.
தேவிபுரம்: கேத்தில். கதவு, பங்கருக்கு மூடி.

அதன் கீழே
கூட்டுத்தொகைக்குப் போடுகிற இரட்டைக் கோடு.
தொகை இல்லை.

காவியத்துக்கு மலை வேண்டும், கடல் வேண்டும்,
நாடும் நகரும் வேண்டும்,
இணையில்லாத ஒரு தலைவன் வேண்டும்.
இங்கே ஒரு பெட்டி, ஒரு இஞ்சின்,
காற்றுப்போன பின் டயர்.
வரி வரியாகக் குட்டையாகிக்கொண்டு போவதால்
பென்சிலால் கவிதை இலக்கம் போட்டேன்.

சனிக்கிழமை
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தி வந்தாள்.
கோகிலரஞ்சினி, குலவீரசிங்கத்தின் மகள்.
'அப்பான்ர கொப்பி மாறிப் பெட்டிக்குள்ள வந்திட்டுது.
எனக்கு வேணும். ஆக்கள் காசு தர இருக்கு.'

நான் பட்டியலைத் திருப்பிக் காட்டினேன்,
ஏதோ நானே எழுதின மாதிரி.
விரல் வைத்து வாசித்தாள்.
விரல் விசுவமடுவில் நின்றது.

'பொய். மெஷினை வித்தவர், இருபது லீற்றர் டீசலுக்கு.
அம்மா இந்தக் கொப்பியைப் பாப்பா எண்டு தெரியும்.'

அழிறப்பரை எடுத்தேன்.
வழியில் விட்டது.
இரண்டே சொல்லில் ஒரு புனைகதை,
ஒரேயொரு வாசகிக்கு.
அவள் நம்பினாளா என்று கேட்க வாயெடுத்தேன்.
மகள் ஏற்கெனவே கடன்காரர் பக்கத்தில் இருந்தாள்.

'இந்த ஆளைத் தெரியுமோ?'
ச. அருளானந்தம். டீசல் இரண்டு லீற்றர்.
பிறகு தாறன் எண்டவர்.

என் அப்பா.
அவருக்கு அந்தப் 'பிறகு' வரவில்லை.

மேசையில் திகதி முத்திரை, மை காய்ந்து.
இங்கே எல்லாம் இரவல்தான்,
பதினாலு நாளைக்கு, பிந்தினால் தண்டம்.
அந்த நேரத்து விலையோ இந்த நேரத்து விலையோ
என்று கேட்டேன்.
அந்த நேரத்து விலையென்றால்
என் சம்பளம் காணாது.

கொப்பியைக் கக்கத்தில் வைத்து,
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு
அவள் சொன்னாள்:
'டீசலாவே தாங்கோ.'