எடைமேடை

செங்குன்றம் நெல்மண்டிக்குப் பின்னால்
அறுபது டன் எடைமேடை.
அதன் கண்ணாடிக் கூண்டும் சிவப்பு எண்களும்
விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை என் பொறுப்பு.
கூண்டின் நெற்றியில் பலகை:
ஓட்டுநர், கிளீனர் இறங்கவும்
இன்ஜினை நிறுத்தவும்.
பலகையின் நிழலில்தான் வண்டியை நிறுத்துவார்கள்.
இறங்குகிறவர் யாரும் இல்லை.

வந்த வழியை டயர் சொல்லிவிடும்.
செம்மண் என்றால் ஊத்துக்கோட்டை.
கறுப்புக் களி பட்டைகளை அடைத்திருந்தால்
பொன்னேரிப் பக்கம், வரப்பை மிதித்து
வயலுக்குள்ளேயே இறங்கி ஏற்றியிருக்கிறான்.
துடைத்துவிட்டது போல் வந்தால் நெல்லூர்:
நாலுவழிச் சாலை, சுங்கச்சாவடி,
தடாவில் ஒரு குளியல்.

பகலில் மாதவரம் தாண்டக் கூடாது.
தவிடு ஏற்றியவர்கள் காரனோடை வரை
ஒருக்களித்து நிற்பார்கள்,
வண்டிக்கடியில் லுங்கியைத் தூளியாகக் கட்டி.
ராத்திரி நோ என்ட்ரி முடிகிற நிமிஷம்
யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவார்கள்.

தணிகாசலத்தின் பத்துச் சக்கர வண்டி
வாரம் இரண்டு நடை.
நெல்லோடு மேடை ஏறும்போது
தார்ப்பாய்க்கு மேல் லோகு தூங்கிக்கொண்டிருப்பான்.
நெல்லை இறக்கி வெறும் வண்டி ஏறும்போது
லோகு டீக்கடையில் இருப்பான்.
முதல் எடையில் இரண்டாம் எடை போக
மிச்சம் சரக்கு.
அந்தக் கணக்கில் அவன் எப்போதும் நெல்.

எனக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது.
ஈரம் என்று சொல்லி
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிற முதலாளியிடம்
லோகுவையும் கழியுங்கள் என்று
நான் சொல்லவில்லை.
அவன் விலை பொன்னேரியில் விதைத்தவனுக்குப் போனதா
தணிகாசலத்தின் சட்டைப்பையிலேயே நின்றதா
அதையும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் வண்டியே வராத ஒரு மத்தியானம்
மேடை நடுவில் வந்து நின்றான்.
"அக்கா, எனக்கொரு பில்லு போடேன்."
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இந்த மெஷின்.
நாற்பது என்றது.
வண்டி எண்: லோகு.
சரக்கு: காலியாக விட்டேன்.
நாலாக மடித்து
லைசென்ஸ் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டான்.
மறு மழைக்கு ஐம்பது.
அதற்கடுத்த மழைக்கு அறுபது. மீசை.

ஒரு தை மாதம்
தார்ப்பாய் மேல் காக்கை மட்டும் உட்கார்ந்து வந்தது.
"லோகு எங்கே?"
"எண்ணூர் ரோட்ல கீறான். டிரெய்லர்ல ஏறிட்டான்."
தணிகாசலம் சீட்டை இரண்டு தடவை படித்தார்.
"சரக்கு கம்மியா காட்டுதே மெஷினு."
மெஷின் மேல் குற்றமில்லை என்றேன்.

அப்புறம் கேள்விப்பட்டதெல்லாம் உதிரி.
துறைமுக கேட்டுக்கு மூன்று நாள் கியூ.
ஸ்டியரிங் மேலேயே சாப்பாடு.
அவன் வண்டிக்கு முன்னால் நின்ற ஒருவர்
கியூ நகர்ந்தும் நகரவில்லை;
ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கிப் போய்
கதவைத் திறந்தது லோகுதானாம்.
அதைச் சொன்ன ஆள் அதற்கு மேல் சொல்லவில்லை.

நேற்று வந்தான்.
நாற்பதடிப் பெட்டி, புழுங்கலரிசி,
கப்பலுக்கு.
ஒரே மூச்சில், பின்சக்கரம் விளிம்பில் உரசாமல்
மேடையில் ஏற்றி நிறுத்தினான்.
இன்ஜினை அணைத்தான்.
"இருந்த இடத்துலயே இரு, போட்டுர்றேன்," என்றேன்.
"வேணாங்க்கா. போர்ட்ல திரும்பத் தூக்கிப் பாப்பான்.
ஏறக்கொறைய இருந்துச்சுன்னா திருப்பி வுட்ருவான்.
மறுபடி மூணு நாளு."

பலகையைப் பார்க்காமலே
பலகை சொன்னபடி கதவைத் திறந்தான்.
ஏணிப்படி ஒன்று, இரண்டு.
கால் தரையைத் தொட்டதும்
சிவப்பு எண்கள் ஒருமுறை தடுமாறி
எழுபது இறங்கி நின்றன.

"எவ்ளோ க்கா?"

வண்டியின் எடையைச் சொன்னேன்.