மூன்றாம் வாயில், ஒன்பதாம் தேதி

ஜுபைல். இரவு இரண்டு பத்து.
வெளியே ஆகஸ்ட்; கண்ணாடிக்கு வியர்க்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரியில்
சர்வரும் நானும், எனக்கு மட்டும் ஒரு கம்பளி.

மூன்றாம் வாயில் கேமராவின்
ஒன்பதாம் தேதிப் பதிவு திறக்கவில்லை.
சத்தம் இருக்கிறது, படம் இல்லை.
லாரி பின்னால் வரும் பீப் பீப்,
யாரோ யல்லா யல்லா என்று விரட்டுகிறார்.

களஞ்சியங்கள் இரண்டு, அதுதான் வினை.
லினக்ஸோடு வந்தது ஒன்று: நிதானமானது,
காப்புரிமைக்குப் பயந்து
பாதிப் பல்லைப் பிடுங்கிவிட்டுத் தருவது.
மற்றது வெளியாருடையது,
முந்தாநாள் கட்டிய பொதிகூட அங்கே கிடைக்கும்.
போன வாரம் அப்டேட் ஓடியபோது
ஏவிகோடெக் அங்கிருந்து ஏறியது,
ஏவியூட்டில் இங்கேயே நின்றுவிட்டது.
ஒரு கால் செருப்பு ஒன்பது, மறு கால் பத்து.

தவசிக்கனி ஒன்பதாம் தேதி ஓடிப்போனதாகத்
தாள் சொல்கிறது. ஹுரூப்.
அன்று முழுக்க மூன்றாம் வாயிலில்
குழாய் இறக்கினேன் அண்ணே என்கிறான்.
இந்த இரண்டு பதிப்பையும்
ஒரே இயந்திரத்தில் நிறுவ முடியாது.

கட்டளை கொடுத்தேன்.
எண் போட்டு மூன்று வழி காட்டுகிறது:
பழையதையே வைத்துக்கொள்.
வழங்குநரை மாற்று.
சார்புகளைப் பார்க்காதே, உடைந்தால் உடையட்டும்.

மூன்றாவதை ஒருமுறை அழுத்தியிருக்கிறேன்.
ஏழு மணி நேரம் சர்வர் எழவே இல்லை.

வழங்குநரை மாற்றுவதென்றால்
இயந்திரம் தானாகச் செய்யாது,
வாய்விட்டு அனுமதி கேட்கும்.
கஃபீல் மாற நான்
பதினான்கு மாதம் நடந்தேன்.
பொதிக்கு ஒரே எழுத்து.
அதுவும் தனியாகப் போகாதாம்,
தன்னை நம்பிய பதினேழு பேரையும்
கூட்டிக்கொண்டுதான் போகுமாம்.
போகட்டும். அழுத்தினேன்.

பிறகு முன்னுரிமை:
வெளியாருக்குத் தொண்ணூறு, நம்மவருக்குத் தொண்ணூற்றொன்பது.
இங்கே சின்ன எண்ணுக்குத்தான் பெரிய நாற்காலி;
இது என் மண்டையில் ஏற ஒரு வருடம் பிடித்தது.
அடுத்த அப்டேட் கை வைக்காதபடி
ஏவி குடும்பத்துக்கு ஒரு பூட்டு.

இரண்டு நாற்பத்தாறு. படம் வருகிறது.
முதலில் பச்சைக் கட்டங்கள், அப்புறம் வெயில்.
மூலையில் தேதி ஒன்பது, மணி பதினொன்று ஐந்து.
லாரிக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன்
கையை ஆட்டி வா வா என்கிறான்.
இடது கை.
தவசிக்கனி டீ வாங்குவதும் இடது கையால்தான்,
ஆனால் இடக்கைக்காரன் இவன் ஒருவனா?

முகம் நிழலுக்குள் இருக்கிறது.
ஓட விடுகிறேன். பதினொன்று ஏழு. பதினொன்று பத்து.
இந்த வெயிலில் எவனும்
ஒரு தடவையாவது ஹெல்மெட்டைக் கழற்றித்
தலையைத் துடைக்காமல் இருக்கமாட்டான்.